லேக் லூயிஸ் ஏரிக்கரை ஹோட்டல்: எப்போது போவது, எதற்குக் காசு கொடுப்பது

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம் கனடா வருகிறவர்கள், கையோடு ராக்கி மலையையும் பார்த்துவிடலாம் என்று லேக் லூயிஸ் ஏரிக்கரை ஹோட்டலில் அறை போட்டுவிடுகிறார்கள். ஜூலை விலையோடு ஒப்பிட்டால் மே மாத விலை குறைவு. அதற்குக் காரணம் இருக்கிறது. மே மாதம் முக்கால்வாசியும் ஏரி உறைந்துதான் கிடக்கும். படங்களில் பார்த்த அந்தப் பச்சைநீலத் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூத்த பனிக்கட்டி இருக்கும். படகு விடமாட்டார்கள். பனிக்கட்டி இளகத் தொடங்கியிருப்பதால் ஸ்கேட்டிங்கும் முடிந்துபோயிருக்கும். மலைமேல் இருக்கும் தேநீர் விடுதிகள் ஜூனில்தான் திறக்கும், பக்கத்திலிருக்கும் மொரெய்ன் ஏரிக்குப் போகும் சாலையும் அப்படியே. மொத்தத்தில் மே மாதமும் நவம்பரும் இந்த ஏரிக்கு ரெண்டுங்கெட்டான் காலம். படகும் மலையேற்றமும் வேண்டுமென்றால் ஜூன் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் முடிய. பனிதான் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி. நடுவில் எதையும் முயல வேண்டாம்.

ஹோட்டலின் முழுப்பெயர் ஃபேர்மாண்ட் ஷாட்டோ லேக் லூயிஸ். ஆல்பர்ட்டா மாகாணத்தில், பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள், 1,731 மீட்டர் உயரத்தில் ஏரியின் வடகிழக்குக் கோடியில் நிற்கிறது. 1890-இல் கனடியன் பசிபிக் ரயில்வே கட்டிய மரக்குடில்தான் ஆரம்பம். 1924-இல் மரத்தாலான பகுதி தீயில் போனது. அடுத்த ஆண்டே புதிதாக ஒரு பகுதி எழும்பியது. ஆண்டு முழுவதும் திறந்திருப்பது 1982-இலிருந்துதான், அதற்குமுன் கோடை ஹோட்டலாகத்தான் இருந்தது. ஊட்டியும் கொடைக்கானலும் இதைவிட உயரம் என்பதால் உயரத்தால் மூச்சு வாங்குமோ என்ற கவலை வேண்டாம். இங்கே தொல்லை கொடுப்பது வறட்சி. அதைப் பிறகு பார்ப்போம்.

கோடையில் ஓர் இரவு வாடகை 1,000 கனடா டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி, மாகாணத்தின் சுற்றுலா வரி, ஹோட்டல் தன் பங்குக்குப் போடும் கட்டணங்கள், கார் நிறுத்த ஒவ்வொரு இரவுக்கும் தனிக்காசு. இவ்வளவும் கொடுத்துவிட்டுப் பகல் 11 மணிக்கு ஏரிக்கரையில் போய் நின்றால், பேருந்தில் வந்து இறங்கியவருக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. கரை பொதுவெளி. காலை 10 முதல் மாலை 4 வரை அங்கே திருவிழாக் கூட்டம். அறை எடுத்தவருக்குக் கிடைக்கும் உண்மையான சலுகை விடிகாலையும் பின்மாலையும்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் இருட்டிலேயே காரைக் கிளப்பி, நிறுத்துமிடம் கிடைக்காமல் திரும்பிப்போகும் நேரத்தில், நீங்கள் லிஃப்டில் இறங்கி இரண்டு நிமிடத்தில் கரைக்கு வந்துவிடலாம். ஆகவே குறைந்தது இரண்டு இரவு. ஒரே இரவு என்றால் மாலை 4 மணிக்குச் சாவி வாங்கி மறுநாள் 11 மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கிடைப்பது ஒரே ஒரு காலை. அந்த ஒரு காலையும் மேகம் மூடிவிட்டால் கதை முடிந்தது.

அறையில் பெரிய வித்தியாசம் ஏரிப் பக்கமா, மறுபக்கமா என்பது. ஏரிப் பக்க அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று கேட்டால், கோடையில் வெளியே நிறைய நடக்கப்போகிறவர்களுக்கு அது வீண்செலவு என்பேன். குழந்தை, வயதானவர்கள், கால்வலிக்காரர்கள் கூட வந்தால் கட்டாயம் கொடுக்கலாம். அவர்கள் பாதி நாளை ஜன்னலோரத்தில்தான் கழிப்பார்கள். பழைய கட்டடப் பகுதிகளில் சில அறைகள் எதிர்பார்ப்பதைவிடச் சிறியவை. நான்கு பேர் என்றால் இரண்டு கட்டிலும் நான்கு பெட்டியும் போனபின் தரை தெரியாது. முன்பதிவின்போதே எந்தப் பகுதி, எத்தனை சதுர அடி என்று கேட்டுவிடுவது நல்லது.

ஏரியும் பனியாறும் தென்மேற்கே இருக்கின்றன, கோடையில் சூரியன் ஹோட்டலுக்குப் பின்னாலிருந்து எழும். அதனால் காலை முதல் வெளிச்சம் நேராக 3,464 மீட்டர் உயர விக்டோரியா மலைமேல் விழும். ஜூனில் ஐந்தரை மணிக்கெல்லாம் விடிந்துவிடும். அப்போது காற்று இருக்காது, மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும். மதியத்துக்குமேல் சூரியன் எதிரே வந்துவிடுவதால் படத்தில் முகம் கறுத்து, பின்னணி வெளுத்துப்போகும். ஆனால் தண்ணீரின் நிறம் நன்றாகத் தெரிவது காலையில் இல்லை, சூரியன் உச்சிக்கு வரும்போதுதான். பனியாறு பாறையை அரைத்து அனுப்பும் மாவு போன்ற துகள் தண்ணீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதுதான் அந்த நிறம். உருகுநீர் நிறைய வரும் ஜூலை, ஆகஸ்டில் அது அடர்த்தியாக இருக்கும். கரையில் நின்று பார்ப்பதைவிட மேலிருந்து பார்த்தால் இன்னும் எடுப்பு. எனவே விடிகாலை கரையில், உச்சிவெயிலில் மலைமேல் என்று நாளை அமைத்துக்கொண்டால் நிறமும் கிடைக்கும், கூட்டத்திலிருந்தும் தப்பலாம்.

மேலே போக எல்லோரும் பிடிக்கும் பாதை ஆக்னஸ் ஏரித் தேநீர் விடுதிக்கானது. ஹோட்டல் முன்னாலிருந்து 3.5 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 400 மீட்டர். முதல் 2.6 கிலோமீட்டர் காட்டுக்குள் ஒரே சீரான ஏற்றம். மிரர் ஏரி என்ற சின்னக் குட்டையில் மூச்சுவிடலாம். கடைசியில் அருவியை ஒட்டிய மரப்படிகள். நடைப் பழக்கமுள்ளவர்களுக்கு ஒன்றரை மணி நேரம், குழந்தைகளோடு இரண்டு மணிக்கும் மேல். 1901-இல் ரயில்வே கட்டிய விடுதி அது, இப்போதிருக்கும் கட்டடம் 1981-இல் புதுப்பித்தது. மின்சாரம் கிடையாது. மாவு, சர்க்கரை போன்ற கனமான சரக்கு பருவத் தொடக்கத்தில் ஹெலிகாப்டரில் வரும், மற்றதை ஊழியர்கள் முதுகில் சுமந்து ஏறுகிறார்கள். தேயிலை வகைகள் 100-க்கும் மேல் உண்டு. நம்ம ஊர்ப் பால் டீயை எதிர்பார்க்க வேண்டாம். கையில் ரொக்கம் இருக்கட்டும். 11 மணிக்குப் போனால் ஒரு மேசைக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க நேரும். காலை 7 மணிக்கு முன்னால் கீழேயிருந்து கிளம்பினால் அந்தத் தொல்லை இல்லை.

அங்கேயே திரும்பிவிடாமல், ஆக்னஸ் ஏரியைச் சுற்றிக்கொண்டு பிக் பீஹைவ் மேட்டுக்கு ஏறுங்கள். கூடுதலாக 1.6 கிலோமீட்டர்தான், ஆனால் செங்குத்தான கொண்டைஊசி வளைவுகள். மேலேயிருந்து பார்த்தால் 500 மீட்டருக்கும் கீழே ஏரி ஒரு பச்சைத் தகடாகவும், அதன் ஓரத்தில் ஹோட்டல் தீப்பெட்டி அளவிலும் தெரியும். ஜூன் நடுவில்கூட இந்த வளைவுகளில் பனி இறுகிக் கிடக்கும். சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டவர்கள் ஏறிவிடுவார்கள், வழுக்குவது இறங்கும்போதுதான். ஷூவின்மேல் மாட்டும் சிறு ஆணிப்பட்டை ஒரு ஜோடி பையில் இருந்தால் போதும்.

இன்னொரு தேநீர் விடுதி ‘பிளெயின் ஆஃப் சிக்ஸ் கிளேசியர்ஸ்’ என்னும் ஆறு பனியாறுகளின் சமவெளியில் இருக்கிறது, 5.5 கிலோமீட்டர் தூரம். அதை 1920-களில் கட்டியவர்கள் ரயில்வே வேலைக்கு வைத்திருந்த சுவிஸ் வழிகாட்டிகள். 1896-இல் பக்கத்து லெஃப்ராய் மலையில் ஒரு மலையேறி விழுந்து இறந்ததையடுத்து, 1899-இல் சுவிட்சர்லாந்திலிருந்து தொழில்முறை வழிகாட்டிகளை வரவழைத்தார்கள். இன்றும் ஹோட்டலில் மலை வழிகாட்டிகள் உண்டு. குழுவாக அழைத்துப்போகும் நடைகளுக்கு முதல்நாளே பெயர் கொடுக்க வேண்டும். மலையேறுகிற சக்தி இல்லாதவர்களுக்கு ஏரியோரப் பாதை இருக்கிறது. ஒருபக்கம் 2 கிலோமீட்டர், சமதளம், தள்ளுவண்டியும் போகும்.

கரடி எதிரே வந்தால் அதை விரட்டப் பீய்ச்சும் கரடி ஸ்ப்ரே பற்றி ஒரு வார்த்தை. இதை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் முடியாது. இங்கே வந்துதான் விலைக்கோ வாடகைக்கோ எடுக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். பையின் அடியில் போட்டால் பயனில்லை, இடுப்பிலோ தோள்பட்டை வாரிலோ இருக்க வேண்டும். கரடி எதிர்ப்பட்டால் பை திறக்க அவகாசம் தராது. கொசு மருந்துபோல உடம்பில் அடித்துக்கொள்கிற ஆட்களும் உண்டு, அது மிளகாய்ச் சாறு என்பதை நினைவில் வையுங்கள்.

படகுக்கு வருவோம். படகுத்துறையை நடத்துவது ஹோட்டல்தான். கனூ படகு ஒன்றுக்கு அரை மணி, ஒரு மணி என்று வாடகை. வெளியாட்களுக்கு அரை மணிக்கே 100 டாலருக்குமேல், தங்குபவர்களுக்குக் குறைவு. ஆள் கணக்கில்லை, படகுக் கணக்கு, பெரியவர்கள் மூன்று பேர் வரை ஏறலாம். முன்பதிவு இல்லை, வந்த வரிசைதான், காற்றோ இடியோ வந்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாமல் முதல் காலையிலேயே துறை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றுவிடுவது உத்தமம்.

அரை மணியா, ஒரு மணியா? ஏரியின் நீளம் 2 கிலோமீட்டர். பழக்கமில்லாத இருவர் துடுப்புப் போட்டால் மணிக்கு 3, 4 கிலோமீட்டர் போகலாம். ஆகவே அரை மணியில் நடு ஏரி வரை போய்த் திரும்பத்தான் நேரம் இருக்கும், பனியாற்றுக் கோடியைத் தொட்டுவர முழு மணி நேரம் வேண்டும். படம் எடுக்க மட்டுமென்றால் அரை மணியே தாராளம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். எதிர்காற்றில் போய், பின்காற்றில் திரும்புவதுதான் சௌகரியம். மாற்றிச் செய்தால் போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போது கைவலியோடு கூடுதல் நேரத்துக்கான காசும் சேரும்.

ஏறும்போது நடுவில் கால் வைத்து, இரு விளிம்பையும் பிடித்துக் குனிந்தபடி நகர வேண்டும். நின்றால் கவிழும். எடை கூடியவர் பின்னால் உட்காரட்டும். திசை அவர் கையில். முன்னால் இருப்பவர் ஒரு பக்கம் போட்டால் பின்னால் இருப்பவர் மறுபக்கம். அப்படியும் படகு வட்டமடிக்கும். காரணம், பின்னால் வலப்பக்கம் போடும் துடுப்பு படகின் மூக்கை இடப்பக்கம் திருப்பிவிடும். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மேல்கைக் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி துடுப்பைத் திருப்பி, தண்ணீரைப் படகிலிருந்து வெளிப்பக்கமாகச் சற்றுத் தள்ளினால் மூக்கு நேராகும். பத்து இழுப்பில் கைவந்துவிடும். முன்னால் இருப்பவர் திசையைச் சரிசெய்ய முயலக்கூடாது. கணவன் மனைவி சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

மிதவை அங்கியைக் கழற்றி மடியில் வைத்துப் படம் எடுப்பது கூடாது. நடுக்கோடையிலும் இந்தத் தண்ணீரின் வெப்பம் ஒற்றை இலக்கம்தான். குளிர்நீரில் விழுந்தவருக்குக் கனடாவில் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூச்சு ஒரு கட்டுக்கு வர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் வாய்க்குள் தண்ணீர் போகாமல் காப்பது அங்கிதான். கவிழ்ந்தால் கரைக்கு நீந்தக் கிளம்பாமல் படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள்.

குளிர்காலத்தில் இதே ஏரி ஸ்கேட்டிங் திடல். வழக்கமாக டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை ஹோட்டல் முன்னால் பனியைச் சுரண்டி வழவழப்பாக்கி வைப்பார்கள். நடுவே பனிக்கட்டியால் ஒரு கோட்டையும் எழுப்புவார்கள். திடலில் இறங்கக் காசில்லை, ஸ்கேட் காலணி வாடகைக்குக் கிடைக்கும். வாடகைக் காலணியில் எல்லோரும் செய்யும் தப்பு இரண்டு. ஒன்று, குளிருக்குப் பயந்து தடிமனான காலுறை போட்டு அளவு பெரிதாக எடுப்பது. உள்ளே கால் ஆடினால் கணுக்கால் மடியும். மெல்லிய கம்பளிக் காலுறை, வழக்கமான ஷூ அளவைவிட ஒன்று குறைவு, அதுதான் சரி. இரண்டு, கயிற்றை மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கமாகக் கட்டுவது. விரல் பக்கம் தளர்வாக, பாதத்தின் நடுவிலும் கணுக்காலிலும் இறுக்கமாக இருக்க வேண்டும். விரலில் ரத்தம் ஓடினால்தான் கால் விறைக்காது. சுத்தம் செய்த திடலைத் தாண்டி அங்கும் இங்கும் போக வேண்டாம். ஓடை கலக்கும் இடங்களில் பனிக்கட்டி மெலிதாக இருக்கும். கூட்டமாகச் சறுக்க 20 சென்டிமீட்டர் கனம் தேவை. நடக்கிறவர்களுக்கும் ஏரியின் மறுகோடிதான் எல்லை, அதற்கப்பால் பனிச்சரிவு விழும் சரிவுகள்.

டிசம்பரில் வருகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும், மாலை நாலரைக்கு இருட்டிவிடும். தெற்கே நிற்கும் ஃபேர்வியூ மலை மறைப்பதால் நடுப்பகலிலும் ஏரிமேல் வெயில் விழுவது அபூர்வம். குளிர் மைனஸ் 20 என்பது சகஜம். பருத்தி உள்ளாடை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிர்விக்கும், ஆகவே உள்ளே மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். ஃபோன் வெளிப்பையில் இருந்தால் பேட்டரி சட்டென்று செத்துவிடும், உள்சட்டைப் பையில் வையுங்கள். கேமராவை வெளியிலிருந்து அப்படியே அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸுக்குள் வியர்த்துவிடும். வெளியிலேயே காற்றுப்புகாத பையில் போட்டு மூடி, அறையில் ஒரு மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும்.

உள்ளே சூடாக்கிய காற்று எலும்புவரை காயவைக்கும். முதல் இரவே மூக்கில் ரத்தம் வந்து பயந்துபோகிறவர்கள் பலர். அறைப் பணியாளரிடம் ஈரப்பதக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் குளியல் துண்டை நனைத்துக் கட்டிலருகே தொங்கவிடுங்கள், படுக்கும்முன் மூக்கினுள் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உள்ளரங்க நீச்சல் குளம், வெந்நீர்த் தொட்டி, நீராவி அறை எல்லாம் உண்டு. குளம் பெரியதல்ல. மாலை 4 முதல் 6 வரை ஸ்கேட்டிங் முடித்த குழந்தைகள் மொத்தமும் அதில்தான். இரவு உணவு நேரத்தில் போனால் காலி.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது சுவிஸ் உணவகமான வாலிஸர் ஸ்டூபெ. அங்கே சீஸ் ஃபாண்டு, அதாவது உருக்கிய சீஸில் ரொட்டித் துண்டைத் தோய்த்துச் சாப்பிடுவது, பெயர்பெற்றது. பார்க்கச் சைவம்தான், ஆனால் முறைப்படியான ஃபாண்டுவில் வெள்ளை ஒயினும் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயமும் சேரும். அதில் போடும் க்ரூயேர் சீஸ் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைத்தது. கடைப்பிடிப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிற்பகல் தேநீர் விருந்தின் அடுக்குத் தட்டில் மீனும் முட்டையும் வைத்த சாண்ட்விச் வரும். முட்டையில்லாச் சைவம் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் வெள்ளரிக்காய்தான். கீழே 4, 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்தில் மளிகைக் கடை ஒன்று உண்டு, விலை கொஞ்சம் காரம். கால்கரியிலோ கான்மோரிலோ தயிர், ரொட்டி, பழம் வாங்கிவருவது மேல். வெந்நீர் ஊற்றிச் செய்யும் உப்புமா, அவல் பாக்கெட்டுகள் கைகொடுக்கும், ஆனால் இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பாக்கெட்டில் போட்டிருப்பதைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக மூடிவையுங்கள். அறையில் குக்கர் வைத்துத் தாளிக்க நினைக்காதீர்கள். புகை உணரி அலறினால் மாடி முழுக்க வெளியே வர வேண்டும்.

கால்கரி விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். குளிர்காலத்தில் வாடகைக் கார் எடுக்கும்போது டயரில் மலையும் பனித்துகளும் வரைந்த பனிக்கால டயர் முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எல்லாப் பருவ டயரைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பூங்கா நுழைவுச்சீட்டு ஹோட்டலில் தங்குபவருக்கும் கட்டாயம், வாடகையில் அது சேராது.

மொரெய்ன் ஏரி 14 கிலோமீட்டர்தான். ஆனால் 2023 முதல் அந்தச் சாலையில் சொந்தக் கார் விடுவதில்லை, நீங்கள் இந்த ஹோட்டலில் தங்கினாலும் சரி. பூங்காத் துறையின் பேருந்துக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பருவத்துக்கான பதிவு வசந்தத்திலேயே தொடங்கி மளமளவென்று தீர்ந்துவிடும். மீதி இருக்கைகளைப் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்னால் காலை 8 மணிக்கு, ஆல்பர்ட்டாவின் மலை நேரப்படி, திறப்பார்கள். டொராண்டோவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது காலை 10, சென்னையில் இருப்பவர்களுக்கு இரவு ஏழரை. ஏழு இருபத்தைந்துக்கே கணக்கில் நுழைந்து, அட்டை விவரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.